16 வயதில் விமானம், 18 வயதில்தான் ட்ரோன்: மாணவர்களும் பெற்றோரும் அறிய வேண்டிய விதிகள்

புது தில்லி: பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற 16 வயது மாணவர் ஒருவர், மருத்துவப் பரிசோதனையிலும் உரிய தேர்விலும் தேறினால் மாணவர் விமானி உரிமம் பெறலாம். ஆனால், வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்குவதற்கான சான்றிதழைப் பெற அவர் மேலும் 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முரணாகத் தோன்றினாலும் விதி இதுவே.

ட்ரோன்களின் பயன்பாடு பெருகிவரும் நிலையில், பள்ளி மாணவர்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளும் பெருகியுள்ளன. இவற்றின் முடிவில் வழங்கப்படும் சான்றிதழ்கள் அனைத்தும் அரசு அங்கீகாரம் பெற்றவை எனக் கருதிவிட முடியாது. கட்டணம் செலுத்தும் முன் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம்.

சான்றிதழ் யாருக்குத் தேவை?

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள், எடையின் அடிப்படையில் ட்ரோன்களை ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியவை, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேற்பட்டவை பெரியவை.

நானோ ட்ரோன்களை இயக்கவும், வணிக நோக்கமின்றி மைக்ரோ ட்ரோன்களை இயக்கவும் விமானி சான்றிதழ் தேவையில்லை. எனவே, பள்ளிப் பருவத்தில் பழகுவதற்கு ஏற்றவை இவையே. எனினும், சிவப்பு மண்டலமாகக் குறிக்கப்பட்ட பகுதிகளில் மத்திய அரசின் அனுமதியின்றி எந்த ட்ரோனையும் பறக்கவிடக் கூடாது.

மற்ற ட்ரோன்களை இயக்குவோர் 18 முதல் 65 வயதுக்கு உட்பட்டவராகவும், பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் பயிற்சி பெற்று, தேர்விலும் தேற வேண்டும். இவ்வாறு பெறும் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இதற்குக் கடவுச்சீட்டு கட்டாயமில்லை. வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு ஆவணங்களே போதுமானவை. கடவுச்சீட்டு இல்லாத கிராமப்புற இளைஞர்களுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது.

வேலைவாய்ப்பு எங்கே?

கிராமக் குடியிருப்புப் பகுதிகளை அளந்து சொத்து அட்டை வழங்கும் ஸ்வாமித்வா திட்டம், 2020 ஏப்ரல் முதல் ட்ரோன்களைப் பயன்படுத்தி வருகிறது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நமோ ட்ரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்குவதை இலக்காகக் கொண்டது.

இத்திட்டத்தின் பயிற்சி முறை கவனிக்கத்தக்கது. மொத்தமுள்ள 15 நாள்களில் ட்ரோனை இயக்கக் கற்பதற்கு 5 நாள்களும், உரம், பூச்சிமருந்து தெளிப்பு உள்ளிட்ட வேளாண் பணிகளுக்கு 10 நாள்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. பறக்கவிடத் தெரிவது தொடக்கம் மட்டுமே. பயிர், நில அளவை, வரைபடம் என ஏதேனும் ஒரு துறையின் அறிவும் சேர்ந்தால்தான் அது தொழிலாகும்.

முழுமையாகத் தயாரிக்கப்பட்ட வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை விதிக்கப்பட்டது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. இதனால் அவற்றை உள்நாட்டில் பொருத்துவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் பணியாளர்கள் தேவைப்படுகின்றனர். 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபடி, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் ட்ரோன் பாடப்பிரிவுகள் அறிமுகப்படுத்தப்பட்டன.

பதினோராம் வகுப்பில் எடுக்கும் முடிவு

விமானியாக விரும்புவோருக்குப் பதினோராம் வகுப்புப் பாடத் தேர்வு முக்கியமானது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின்படி, வணிக விமானி உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதப் பாடங்களில் தேர்ச்சி, 18 வயது நிறைவு, 200 மணி நேரப் பறத்தல் அனுபவம், முதல் நிலை மருத்துவத் தகுதி ஆகியவை தேவை. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கு இவ்விரு பாடங்களுடன் வேதியியலும் வேண்டும். வேறு பாடப்பிரிவில் படித்தவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாக இயற்பியலையும் கணிதத்தையும் தனியாக எழுதித் தேறும் வழி உண்டு.

விமானிப் பயிற்சிக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். நிறக்குருடு போன்ற குறைபாடு பணம் செலுத்திய பின்னர் தெரியவந்தால் இழப்பு குடும்பத்துக்கே. ஆகவே, டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனையை முன்னதாகவே செய்துகொள்வது நல்லது.

பள்ளியிலேயே தொடங்கலாம்

செலவின்றித் தொடங்கவும் வழிகள் உள்ளன. நாடு முழுவதும் சுமார் 10,000 பள்ளிகளில் அமைக்கப்பட்ட அடல் டிங்கரிங் ஆய்வகங்களில், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் மின்னணுவியலையும் முப்பரிமாண அச்சையும் கற்கலாம். ட்ரோனை உருவாக்க அடிப்படையானவை இவையே. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானங்களை உருவாக்கப் பழகலாம்.

கட்டணப் பயிற்சியில் சேர்வதாயின், மூன்று கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் பெறுவது பாதுகாப்பானது. நிறுவனத்தின் பெயர் டிஜிசிஏ அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா? எந்த எடைப் பிரிவு ட்ரோனுக்குச் சான்றிதழ் கிடைக்கும்? மாணவருக்கு 18 வயது நிறைவடையாவிட்டால் அவர் பெறப்போவது என்ன? பள்ளி மாணவரைப் பொறுத்தவரை, மூன்றாவது கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.