நேவாரர் வளர்த்த பக்திக் கலை



இமயத்தின் அடிவாரத்திலே, காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலே, பக்தபூர் என்னும் பழைய நகரம் ஒன்று இருக்கின்றது. அந்தி மயங்கிய பின்னர் அதன் தெருக்களில் நடப்போமாயின், கோயிலை அடுத்த திறந்த சாவடி ஒன்றில் ஆடவர் சிலர் இரு வரிசையாக எதிரெதிரே அமர்ந்திருக்கக் காணலாம். அவர்களுட் பெரும்பாலோர் உழவர் குலத்தினர். ஒரு வரிசையார் ஓர் அடியைப் பாட, மற்ற வரிசையார் அதனை ஏற்றுப் பாடுவர். மத்தளமும் தாளமும் நீண்ட ஊதுகொம்புகளும் உடன் ஒலிக்கும். இதற்குத் தாஃபா என்று பெயர். இதனை வளர்த்தவர்கள் அப்பள்ளத்தாக்கின் தொன்மக்களாகிய நேவாரர்கள். இந்துக்களும் பௌத்தர்களும் அவர்களுள் உண்டு. அவர்தம் பக்தி இசையும் ஆடலும் எவ்வாறு பிழைத்து வந்தன, ஏன் தளர்ந்தன, எவ்வாறு மீட்கப்படுகின்றன என்பதையே இன்று ஆராய முற்படுகின்றோம்.

தாஃபா தொடங்குமுன் நாஸத்யா என்னும் இசைக் கடவுளை வணங்குவர். ஆடல்வல்லானாகிய சிவபெருமானின் வடிவமாகவே இக்கடவுளைக் கருதுகின்றனர். ஆயினும் கோயிலில் பெரும்பாலும் உருவச் சிலை இராது. சுவரில் அமைத்த ஒரு துளையே கடவுளின் அடையாளமாகும். முதலில் மத்தளம் இக்கடவுளை அழைக்கும். பின்னர் இராகத்தைத் தாளமின்றி இசைத்து, அதன்பின் பாடலைத் தாளத்தோடு தொடங்குவர். பாடல்கள் வடமொழியிலும் மைதிலியிலும் நேபாள பாஷை எனப்படும் நேவார மொழியிலும் அமைந்தவை. அவற்றுட் பல, மல்ல மன்னர்களே இயற்றியவை. காத்மாண்டுவை ஆண்ட பிரதாப மல்லரும், பக்தபூரை ஆண்ட ஜகத்பிரகாச மல்லரும், இரணஜித் மல்லரும் அரசராய் இருந்தே புலவராகவும் விளங்கியவர்கள்.

1769 ஆம் ஆண்டில் கோர்க்கா மன்னர் பிரிதிவி நாராயண் ஷாவிடம் பக்தபூர் வீழ்ந்தது. இரணஜித் மல்லர் காசிக்குச் சென்றுவிட்டார். அரசு போயிற்று, அரசன் பாட்டு மட்டும் போகவில்லை. புரந்த மன்னன் மறைந்த பின்னும் அவன் பாடல் இருநூற்றைம்பது ஆண்டுகள் எவ்வாறு வாழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை குட்டி என்னும் அமைப்பில் இருக்கின்றது.

குட்டி என்பது கோஷ்டி என்னும் வடசொல்லின் திரிபாகும். நம் வைணவக் கோயில்களில் பாசுரம் சேவிக்கும் குழுவையும் கோஷ்டி என்றே வழங்குகின்றோம் அன்றோ? நேவாரரிடையே அச்சொல் அறக்கட்டளையொன்றைக் குறிக்கும். முன்னோர் ஒரு வயலைக் கோயிலுக்கோ பாட்டுக் குழுவுக்கோ எழுதி வைப்பர். அவ்வயலின் விளைச்சலிலிருந்து விளக்குக்கு எண்ணெயும், மத்தளத்துக்குத் தோலும், ஆண்டு விழாவுக்கு விருந்தும் கிடைக்கும். தந்தைக்குப் பின் மகன் குழுவில் சேர்வான். பாடுதல் அவனுக்கு உரிமையும் கடமையும் ஆகும். எனவே, மன்னன் மறைந்தபோதும் வயல் எஞ்சியது. வயல் எஞ்சியதால் பாட்டும் எஞ்சியது.

1964 ஆம் ஆண்டில் நேபாள அரசு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகையாளருக்கு உரிமை கிடைத்தது. குத்தகை நெல்லுக்கு வரம்பு வகுக்கப்பட்டது. இது நீதியான செயல் என்பதில் ஐயமில்லை. பக்தபூரின் உழவர் பலர் இதனால் வறுமை நீங்கினர். ஆனால் குட்டிகளின் வருவாயோ குன்றியது. பாடுவோரும் உழவர்; குத்தகை குறைந்ததால் பயன்பெற்றோரும் உழவர். ஒரு கையால் பெற்றதை மறு கையால் இழந்தது போன்ற நிலை இது. இதில் குற்றவாளி எவரும் இலர் என்பதே இந்நிகழ்ச்சியின் துயரம்.

வேறு காரணங்களும் உண்டு. 1846 முதல் 1951 வரை ஆண்ட ராணா அமைச்சர் குடியினர் காலத்தில் நேவார மொழி ஒடுக்கப்பட்டது. அம்மொழியில் எழுதிய புலவர்கள் சிறையும் புகுந்தனர். ஆர்மோனியத்தோடு பாடும் எளிய பஜனை பரவியபோது, இளைஞர் பலர் கடினமான தாஃபாவை விட்டு அதன்பால் சென்றனர். பழம்பாடல்களின் பொருள் பாடுவோருக்கே விளங்காத நிலையும் நேர்ந்தது. பின்னர், 2015 ஏப்ரல் 25 அன்று நேர்ந்த பெருநில நடுக்கத்தில் கோயில்களும் சாவடிகளும் பல இடிந்து வீழ்ந்தன. அமரும் இடமே இல்லையாயின், பாடுவது எங்ஙனம்?

இனி, ஆடலை நோக்குவோம். வஜ்ராசாரியர் எனப்படும் நேவார பௌத்தக் குருமார்களிடம் சர்யா என்னும் ஆடல் உண்டு. சைவர் கூறும் சரியை என்பதும் இதே வடசொல்லே. ஆடுபவர் தம்மையே தெய்வமாகத் தியானித்து, கை முத்திரைகளால் அத்தெய்வத்தின் இயல்பைக் காட்டுவார். தீட்சை பெற்றோர் மட்டுமே கூடும் மறைவான பூசை அறையில் நிகழ்ந்தமையால், பிறர் இதனைக் கண்டதில்லை. கற்போர் தொகை குறையவே, இரகசியத்தைக் காப்பதா, கலையைக் காப்பதா என்னும் சங்கடம் எழுந்தது. 1950களில் இவ்வாடல் முதன்முறையாகப் பொது அரங்கில் ஏறியது. இரத்தின காஜி வஜ்ராசாரியர் போன்ற ஆசான்கள் குலத்துக்கு அப்பாற்பட்டோருக்கும் இதனைக் கற்பித்தனர். இன்று பெண்களும் அயல்நாட்டாரும் பயில்கின்றனர். எனினும், பூசையில் மெல்ல விரியும் ஆடல் அரங்கிலே சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. தியானம் காட்சியாகிவிடுமோ என்று மூத்தோர் அஞ்சுவதைத் தவறென்று தள்ளுதல் இயலாது.

மீட்புப் பணி பல வகையாக நடைபெறுகின்றது. ஆராய்ச்சியாளர் பாடல்களை ஒலிப்பதிவு செய்கின்றனர். இங்கிலாந்து நாட்டு இசையறிஞர் ரிச்சர்டு விட்டெஸ் பக்தபூர்த் தாஃபா பற்றிய விரிவான நூலை 2013 இல் வெளியிட்டார். முன்பு ஆடவருக்கே உரியதாயிருந்த திமய் என்னும் பெருமுரசைப் பெண்கள் முழக்கி ஊர்வலம் செல்வது இன்று இயல்பாகிவிட்டது. நில நடுக்கத்தில் தரைமட்டமான காஷ்டமண்டபம் பழைய முறைப்படியே மரத்தாலும் செங்கல்லாலும் எழுப்பப்பெற்று, 2022 இல் நிறைவெய்தியது. 2019 ஜூன் மாதத்தில், குட்டிகளை அரசின் ஆணைக்கு உட்படுத்த முயன்ற மசோதாவை எதிர்த்து மக்கள் திரளாகக் காத்மாண்டு வீதிகளில் கூடினர். அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. நிலமின்றிப் பாட்டில்லை என்பதை அம்மக்கள் மறக்கவில்லை.

மாணவ நண்பர்களே, ஒலிநாடா ஓசையைக் காக்கும். நூல் பொருளைக் காக்கும். அரங்கு புகழைத் தரும். ஆனால் நாள்தோறும் மாலையில் வந்து அமர்ந்து, பாடி, அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுக்கும் கடமையை இவற்றுள் எதுவும் தாராது. அக்கடமையை ஏற்கும் மனிதரும், அவர் அமர ஒரு சாவடியும், விளக்கெரியச் சிறிது எண்ணெயும் வேண்டும். எந்த நாட்டுப் பழங்கலையைக் குறித்து நீங்கள் கற்க நேர்ந்தாலும், அதன் அழகை வியந்தபின், இவ்விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர் யார் என்றும் கேளுங்கள். அக்கலை நிலைக்குமா, நிலையாதா என்பது அவ்வினாவின் விடையிலேயே இருக்கும்.