தணிந்த நோயும் தளராத தேடலும்

குருதியணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. அவை வேண்டிய அளவில் தோன்றி, முதிர்ந்து, தம் பணியை முடித்து அழிகின்றன. இவ்வொழுங்கு குலைந்து, முதிராத வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நிலையே கடும் குருதிப் புற்றுநோய் ஆகும். அவை மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணுக்களும் குருதித்தட்டுகளும் குறைகின்றன. சோகை, குருதிக்கசிவு, தொற்று ஆகியன தொடர்கின்றன. குருதி பாயும் இடமெல்லாம் பரவும் இந்நோயை அறுவை மருத்துவத்தால் அகற்ற இயலாது. 1940களில் இந்நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தனர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் சிட்னி ஃபார்பர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராகப் பணியாற்றியவர் அவர். புதிய உயிரணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து இன்றியமையாதது. அச்சத்தைச் சார்ந்த பொருள்களை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, நோயணுக்கள் முன்னிலும் விரைந்து பெருகுவதாக அவர் கண்டார். எதிர்பார்த்ததற்கு மாறான இவ்விளைவே அவருக்கு வழிகாட்டியது. ஊட்டினால் வளரும் நோய், ஊட்டத்தை மறித்தால் தளராதா என அவர் எண்ணினார்.

ஊட்டத்தை மறிக்கும் பொருள் லெடர்லி ஆய்வகத்திலிருந்து கிடைத்தது. அங்கு ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் பாஸ்டன் சென்றவர் அவர். அவருடைய குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரின், ஃபோலிக் அமிலத்தை வடிவில் ஒத்தது, செயலில் மாறுபட்டது. போலிச் சாவி பூட்டினுள் சிக்கிக்கொண்டால் உண்மைச் சாவிக்கு இடமில்லாமல் போகும். அதுபோல, இம்மருந்து உயிரணுவின் நொதி ஒன்றில் பொருந்தி அதனை முடக்குகிறது. மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வை உருவாக்க வழியின்றி, விரைந்து பெருகும் அணுக்கள் மடிகின்றன.

ஃபார்பரும் அவர்தம் குழுவினரும் தம் முடிவுகளை 1948 ஜூன் மாதத்தில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' வழியாக வெளியிட்டனர். மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. எனினும், அக்கட்டுரை வெற்றி முழக்கம் செய்யவில்லை. 'தற்காலிக நோய்த்தணிவு' என்றே அதன் தலைப்பு தொடங்கியது. மருந்தின் நச்சுத்தன்மையையும் வாய்ப்புண் முதலிய துன்பங்களையும் அது மறைக்கவில்லை. நோய் குணமாயிற்று என்று கூறுவதற்குச் சான்றில்லை எனவும் தெளிவுபடுத்தியது. தணிந்த நோய் மீண்டும் தலைதூக்கவே செய்தது. கட்டுரை வெளிவந்த இரண்டே மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவும் மறைந்தார்.

தணிந்த நோய் ஏன் திரும்புகிறது? இவ்வினாவே அடுத்து வந்த ஆய்வாளர்களை இயக்கியது. ஒரு மருந்துக்குத் தப்பிய அணுக்கள் மீண்டும் பெருகுகின்றன என்பது ஒரு விடை. ஆகவே, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகியோர் நான்கு மருந்துகளை ஒருசேர அளித்தனர். அமினோப்டெரினின் வழிவந்த மெதோட்ரெக்சேட் அவற்றுள் ஒன்று. மருந்து எளிதில் எட்டாத மூளை, தண்டுவடப் பகுதிகளில் நோயணுக்கள் ஒளிந்திருக்கின்றன என்பது மற்றொரு விடை. மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் அப்பகுதிகளுக்கும் சேர்த்து மருத்துவம் செய்தார். அவர் முறையால், நோயுற்ற குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயின்றி நெடிது வாழ்ந்தனர்.

கூட்டு மருந்து முறை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பயன்பட்டது. அவ்வகையைச் சார்ந்த ஹாட்ஜ்கின் நோய், முற்றிய நிலையிலும் நான்கு மருந்துகளின் கூட்டால் பலரிடம் முழுமையாகத் தணிந்ததை வின்சென்ட் டிவிட்டா குழுவினர் 1970இல் வெளியிட்டனர்.

இன்று மருத்துவ வசதி மிக்க நாடுகளில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் கடும் லிம்போ வகைக் குருதிப் புற்றுநோயிலிருந்து பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் மீள்கின்றனர். மருந்தும் குருதிக்கொடையும் தொடர் கண்காணிப்பும் எட்டாத இடங்களில் அந்நிலை இன்னும் வாய்க்கவில்லை. சான்றில்லாத இடத்தில் 'குணம்' என்னும் சொல்லைத் தவிர்த்தது 1948ஆம் ஆண்டுக் கட்டுரை. இன்று மருத்துவர்கள் பெற்றோரிடம் அச்சொல்லை நம்பிக்கையுடன் கூறுவதற்கு அந்நேர்மையே அடித்தளமிட்டது.