வானிலைப் பதிவும் சிறு கணினியின் உஷ்ணமும்

வவுனியா மாவட்டத்தில் நெளுக்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம் என ஊர்ப்பெயர்கள் பல குளத்திலேயே முடிகின்றன. குளத்து நீரை நம்பிய கமத்துக்கு மழையின் அளவையும் வெயிலின் அளவையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையமொன்று வவுனியாவில் உண்டு. எனினும், ஓரூரிற் பெய்யும் மழை அயலூரிற் பெய்யாதொழிவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆகவே தம் நிலத்திலேயே மழைமானியையும் வெப்பமானியையும் நிறுத்தி, அவற்றின் அளவுகளைச் சிறு கணினி ஒன்றிற் பதிந்து வருதல் பயன் தரும்.

இதற்கு ஏற்றது 2012 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவான கணினியாகும். வீவெக்ஸ் என்னும் இலவச மென்பொருளை இதில் இயக்கினால், அது வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வானிலை அளவுகளைப் பதிவேட்டிற் சேர்த்துக்கொள்ளும்.

உஷ்ணத்தாற் கேடு விளைவது எவ்வாறு?

கணினியின் மூளை போன்றது முறைவழியாக்கி எனப்படும் புரொசசர் ஆகும். அது வேலை செய்யும்போது தானே சூடேறும். சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 20 முதல் 30 பாகை செல்சியஸ் வரை அதன் உஷ்ணம் கூடியிருத்தல் இயல்பு. மாதிரிக்கேற்ப இது வேறுபடும். சிறுபோகத்தில், சோளகக் காற்று வீசும் நாட்களில், நிழலிலேயே வெப்பம் 35 பாகையைத் தொடுவதுண்டு. வெயிலில் வைத்த மூடிய பெட்டியினுள் காற்று 50 பாகைக்கு ஏறுமாயின், புரொசசர் 80 பாகையை எட்டிவிடும். அந்நிலையில் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும். 85 பாகையில் மேலும் குறைக்கும்.

வானிலைப் பதிவு இலேசான வேலையாதலால், வேகம் குறைவதனால் மட்டும் பதிவு கெடாது. கெடுவது அதே பெட்டியிலுள்ள நினைவக அட்டையும் மின்வழங்கியுமே. நினைவக அட்டைகள் பெரும்பாலும் 85 பாகைக்கு மேற்படாத உஷ்ணத்துக்கென்றே ஆக்கப்பட்டவை. நெடுநாள் வெக்கையில் அவற்றின் ஆயுள் குறையும். அட்டை பழுதானால் பல மாதப் பதிவு ஒருங்கே அழியலாம். நேற்றுப் பெய்த மழையை இன்று திரும்ப அளக்க இயலாது.

இரு வேளைக் கணக்கு

புரொசசரின் உள்ளேயே ஓர் உஷ்ணமானி உண்டு. லினக்ஸ் முறைமை அதன் அளவை ஆயிரத்திலொரு பாகைக் கணக்கில் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அதில் 48000 என்றிருப்பின் 48 பாகை எனக் கொள்க. இவ்வளவையும் வானிலை அளவுகளோடு சேர்த்துப் பதியுமாறு வீவெக்ஸை அமைக்கலாம்.

எனினும் இவ்வளவைத் தனியே பார்த்தல் போதாது. வெளிக்காற்றின் வெப்பத்தை அதிலிருந்து கழித்து, வேறுபாட்டை நோக்க வேண்டும். உதாரணமாக, விடியற்காலையில் காற்று 25 பாகையும் புரொசசர் 48 பாகையும் ஆயின் வேறுபாடு 23. நண்பகலில் காற்று 35, புரொசசர் 58 ஆயின் அப்போதும் வேறுபாடு 23. இது நல்ல நிலை.

நண்பகலில் மட்டும் வேறுபாடு 40 ஆகுமாயின், பெட்டியில் வெயில் படுகின்றது என்பது பொருள். வெயிலற்ற விடியற்காலையிலேயே வேறுபாடு கூடியிருப்பின் குற்றம் உள்ளேயாம். தூசி படிந்திருக்கலாம். குளவி கூடு கட்டிக் காற்றுத் துவாரத்தை அடைத்திருக்கலாம். அன்றேல் ஏதேனும் ஒரு நிரல் ஓயாது ஓடிக்கொண்டிருக்கலாம்.

பொய்யளவு

கணினியின் சூடு வெப்பமானியையும் ஏமாற்றும். 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த சென்ஸ் ஹாட் என்னும் மேற்பலகை ராஸ்பெரி பையின் மேலேயே பொருத்தப்படுவது. ஆதலால் அதன் வெப்பமானி காற்றின் உண்மை வெப்பத்திலும் கூடுதலாகவே காட்டும். கூடிய வெப்பத்தைக் கொண்டு ஆவியாதலைக் கணக்கிட்டால், பயிருக்கு வேண்டாத நீரைப் பாய்ச்ச நேரிடும். குளத்து நீரளவைப் பார்த்து ஏக்கர்க் கணக்கு முடிவாகும் சிறுபோகத்தில் இது சிறு நட்டமன்று.

கைக்கொள்ள வேண்டியவை

1. கணினிப் பெட்டியை வடக்குச் சுவரின் நிழலிலோ தாழ்வாரத்தின் கீழோ வைத்தல் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களிற் சூரியன் வடக்கே சாய்வதால், அக்காலத்தில் நிழலை மீண்டும் பார்த்துக்கொள்க.

2. பெட்டியின் கீழும் மேலும் துவாரமிட்டு, குளவியும் பல்லியும் புகாவண்ணம் நுண்வலை பொருத்துக.

3. புரொசசரின் மேல் அலுமினியத் தகடு ஒட்டுக.

4. வெப்பமானியைக் கணினியினின்று விலக்கி, காற்றோட்டமுள்ள வெண்ணிறச் சட்டகப் பெட்டியில், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் நிறுத்துக.

5. கிழமைக்கு ஒருமுறை பதிவைப் பிரதிசெய்து வேறிடத்தில் வைக்குக.

6. விடியல், நண்பகல் ஆகிய இரு வேளை வேறுபாட்டையும் கொப்பியிற் குறித்து வருக.

வரம்பு உடைந்தபின் மண் அணைப்பதிலும், கசிவு கண்டபோதே அடைத்தல் எளிது. வேறுபாடு கூடுவதும் அத்தகைய கசிவே. அதனைக் காலத்திற் கண்டுகொள்ளும் கமக்காரரிடம் காலபோகம், சிறுபோகம் இரண்டின் பதிவும் முழுமையாய் நிற்கும்.