கியர் பாக்ஸில் சத்தம்: பிக்கப் வண்டியை வாரண்டியில் சரிசெய்து வாங்குவது எப்படி?

‘3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை.’ பிக்கப் வண்டிகளின் வாரண்டிப் புத்தகத்தில் இப்படியொரு வரி வழக்கமாக இருக்கும். வீட்டுக் காருக்கு இதில் முந்துவது ஆண்டு. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு நாளுக்கு 300 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு முந்துவது கிலோமீட்டர். மாதம் 25 நாள் ஓடினால் 7,500 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 14-வது மாதத்திலேயே வாரண்டி முடிந்துவிடும். கடன் டியூ அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

அதனால் கியர் பாக்ஸில் சின்னச் சத்தம் கேட்டாலும், ‘சீசன் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது நஷ்டத்தில்தான் முடியும். வாரண்டியில் வேலை நடக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். கோளாறை அடையாளத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். சொன்னதை எழுத்தில் வாங்க வேண்டும்.

எதற்கு வாரண்டி உண்டு, எதற்கு இல்லை?

தயாரிப்பிலோ பொருளிலோ உள்ள குறைக்குத்தான் வாரண்டி. ஓட ஓடத் தேய்வது இயல்பு என்று கருதப்படும் பாகங்களுக்கு அது பொதுவாகக் கிடையாது. கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஆயில், ஃபில்டர் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரம், பேரிங், சிங்க்ரோ ரிங், ஷாஃப்ட் போன்றவை பெரும்பாலும் வாரண்டிக்குள் வரும். ஆகவே, ‘இது கிளட்ச் கோளாறா, கியர் பாக்ஸ் கோளாறா?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே செலவு யார் தலையில் விழும் என்பது முடிவாகிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பிக்கப்புகளில் இருப்பது கையால் மாற்றும் கியர். அதில் வரும் கோளாறுகளை ஓட்டுநரே ஓரளவு பிரித்தறிய முடியும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுக்க வேண்டும். அப்போது உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால், கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கின் மீது சந்தேகம் கொள்ளலாம். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். எல்லா கியரும் கடினமாக விழுந்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. கேபிள் அல்லது கிளட்ச் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் ‘கர்ர்’ என்ற சத்தத்தோடு விழுந்தால், அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கலாம். ஓட்டத்தில் கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்தால் ஷிஃப்ட் ஃபோர்க், லாக் ஸ்பிரிங், கியர் பற்கள் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். மேட்டில் லோடோடு ஏறும்போது இது நடந்தால் உயிருக்கே ஆபத்து; தாமதிக்கக் கூடாது.

பின்சக்கரத்தால் இயங்கும் 5 கியர் வண்டிகளில் 4-வது கியர் பொதுவாக நேரடி கியர். அதில் விசை லே ஷாஃப்ட் பற்களின் வழியே சுற்றி வராமல் நேராகப் பின்னால் போகும். மற்ற கியர்களில் கேட்கும் சத்தம் 4-ல் மட்டும் குறைந்தால், லே ஷாஃப்ட் பக்கம் கோளாறு என்று ஊகிக்கலாம். எல்லா கியரிலும் வண்டி வேகத்துக்கு ஏற்ப ஒரே மாதிரி சத்தம் வந்தால் கியர் பாக்ஸை விட்டுவிட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், சென்டர் பேரிங், பின் ஆக்சிலின் கிரவுன் பினியன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

‘கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்தோம், கோளாறு எதுவும் காட்டவில்லை’ என்று சர்வீஸ் சென்டரில் சொல்லலாம். சென்சார்கள் சொல்வதைத்தான் ஸ்கேனர் காட்டும். பேரிங் தேய்ந்ததையும் சிங்க்ரோ உடைந்ததையும் அது காட்டாது. ரோடு டெஸ்ட் நடந்தாக வேண்டும். காலி வண்டியில் வராத சத்தம் லோடில் வரும். எந்த நிலையில் கோளாறு வருகிறதோ அதே நிலையில், டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவதே நல்லது. சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து வைத்திருப்பதும் உதவும்.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள்?

சர்வீஸ் அட்வைசரிடம் பத்து நிமிடம் விளக்கிச் சொன்னது, ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுவது உண்டு. பிற்பாடு தகராறு என்று வந்தால் அந்த வரிதான் சாட்சி. ‘3-வது கியர் லோடில் நழுவுகிறது’, ‘நியூட்ரலில் உறுமல், கிளட்ச் மிதித்தால் நிற்கிறது’ என்று ஓட்டுநர் சொன்னபடியே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். தேதியும் கிலோமீட்டரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்ற விவரத்தோடு நகல் வாங்க வேண்டும். ‘எல்லாம் நார்மல்’ என்று திருப்பி அனுப்பினால், அதையும் எழுதித் தரச் சொல்லலாம்.

வாரண்டி முடிவதற்குள் புகார் பதிவாகியிருப்பதும், வாரண்டி முடிந்த பிறகு அதே கோளாறு பெரிதாவதும் நடக்கக்கூடியதுதான். அப்போது பழைய ஜாப் கார்டு கையில் இருந்தால், ‘கோளாறு வாரண்டிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது’ என்று வாதாட இடமுண்டு.

கியர் பாக்ஸை இறக்க முடிவானால், பிரிக்கும்போது உடன் இருக்க அனுமதி கேளுங்கள். வடித்த ஆயிலைப் பாருங்கள். மேக்னட் பிளக்கில் மை போல மெல்லிய படிவு இருப்பது சாதாரணம். பித்தளை நிறத் துகள்கள் தெரிந்தால் பெரும்பாலும் சிங்க்ரோ ரிங். இரும்புச் சில்லுகள் கிடந்தால் கியர் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. இவற்றைப் படம் எடுத்து வையுங்கள். அவசரத்தில் வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து கியர் பாக்ஸைப் பிரித்துவிடாதீர்கள். நிறுவனம் கைகழுவ அதைவிடச் சுலபமான காரணம் கிடைக்காது.

‘ஓவர்லோடு ஏற்றியிருக்கிறீர்கள்’

வாரண்டியை மறுக்க அடிக்கடி சொல்லப்படும் காரணம் இது. சில நேரம் உண்மையும் கூட. ஆர்.சி.யில் குறித்துள்ள மொத்த எடையைத் தாண்டி ஏற்றினால் கியர் பற்களும் பேரிங்கும் தாங்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அந்த ஓவர்லோடு சலான், வாரண்டி வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகவும் ஆகலாம்.

அளவோடு ஏற்றுபவர்கள் அதை நிரூபிக்க முடியும். எடை மேடைச் சீட்டு, இ-வே பில், லோடு ரசீது ஆகியவற்றைச் சேர்த்துவைத்தாலே போதும். வெறும் வாய்ச்சொல்லாக ‘ஓவர்லோடு’ என்றால், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கியர் ஆயிலைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றியதற்கான பில்லும் அதேபோல முக்கியம்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் டீலரைத் தாண்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலில் புகார். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

‘வாடகைக்கு ஓடும் வண்டி, வணிகப் பயன்பாடு, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று அங்கே எதிர்வாதம் வரும். 2005-ல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கியது; 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இத்தகைய வண்டிகளை வாங்கியவர்களில் ஏராளமானோர் தாங்களே ஓட்டிப் பிழைப்பவர்கள். சட்டம் இவர்களைக் கைவிடவில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளக் கூடாது என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தின் கீழ், கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் தொடர்பான வழக்கில் 1995-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று விளக்கியிருக்கிறது. பல வண்டிகள் வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். எனவே மனுவில் ‘இது என் பிழைப்பு, நானே ஓட்டுகிறேன்’ என்பதைத் தெளிவாக எழுத வேண்டும்.

நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். தயாரிப்புக் குறை என்று சொன்னால் மட்டும் போதாது. வல்லுநரைக் கொண்டு சோதிக்க உத்தரவிடுமாறு ஆணையத்திடம் மனுச் செய்ய வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் தோற்கும் வழக்குகள் உண்டு.

புது வண்டியே கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பது அரிது. கிளட்ச் கோளாறு தொடர்பான மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ உள்ள பொறுப்புதான் என்று கூறி, முழு வண்டியை மாற்றித் தரும் உத்தரவை ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1982-ல் கனெடிகட் மாநிலம் தொடங்கிவைத்த ‘லெமன்’ சட்டங்கள், குறிப்பிட்ட தடவை முயன்றும் சரியாகாத புது வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வழிசெய்கின்றன. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஒரே கோளாறுக்குத் திரும்பத் திரும்பப் போட்ட ஜாப் கார்டுகளே இங்கே பலமான ஆதாரம். வண்டி நின்ற நாட்களுக்கான வருமான இழப்பை வாரண்டி பொதுவாக ஈடுசெய்யாது. சேவைக் குறைபாடு என்று நிரூபித்தால் ஆணையம் இழப்பீடு வழங்கலாம்.

வாரண்டி முடிய 5,000 கிலோமீட்டர் இருக்கும்போது ஒருமுறை வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டு, கியர் பாக்ஸ் முதல் பின் ஆக்சில் வரை சோதிக்கச் சொல்லுங்கள். ஒருநாள் வாடகை போகும். ஆனால் அன்று பதிவாகும் கோளாறு நிறுவனத்தின் கணக்கு. அதைத் தவறவிட்டால் உங்கள் கணக்கு.