பிடி அரிசி குறைந்தால் வீட்டுக்கே வந்து விடுவார்கள்!
சர்ச் பெண்கள் சங்கத்தில் நமது நிருபர்

சென்னை, —
வெட்டு, குத்து, செயின் பறிப்பு என்று போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடக்கும் நமது நிருபருக்கு சென்ற வாரம் ஒரு மாறுதல். புரசைவாக்கம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சர்ச்சில், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

ஆண்களுக்கு அங்கே இடம் கிடையாது. பேப்பர்காரத் தம்பி என்பதால் கடைசி பெஞ்சு கிடைத்தது.

மாலை 4 மணிக்கு சுமார் 30 பெண்கள் கூடினார்கள். பென்ஷன் வாங்கும் டீச்சர், பர்மிஷன் போட்டு விட்டு வந்த பாங்கு கிளார்க், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா எல்லாரும் ஒரே பெஞ்சில். முதலில் கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாட்டு என்றால் புத்தகமே வேண்டாம். படிக்கத் தெரியாத பாட்டி கூட ஒரு வரி பிசகாமல் பாடுகிறார்.

பிறகு வேத பாடம். அது முடிந்ததும் ஜெபக் குறிப்பு. யார் வீட்டில் காய்ச்சல், யார் மகனுக்கு வேலை இல்லை, எந்த வீட்டுக்காரர் குடித்து விட்டு வருகிறார் எல்லாம் இங்கே வந்து விடுகிறது. ஏட்டையாவுக்குக் கூட இவ்வளவு தகவல் தெரியாது! ஒரு பெயரும் அச்சில் வரக்கூடாது என்று முன்னாடியே நம்மிடம் வாக்கு வாங்கி விட்டார்கள்.

பிடி அரிசி

சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து தனி டப்பாவில் போடுவார்கள். மாதக் கடைசியில் அதைப் பையில் கொண்டு வந்து கொட்டுவார்கள். விற்ற பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் போகும். மிசோரத்துச் சபைப் பெண்களும் 1910 முதல் இப்படிப் பிடி அரிசி சேர்த்து வருகிறார்கள். பட்டணத்தில் பலர் காசாகக் கொடுத்து விடுகிறார்கள். இந்தச் சங்கத்தில் இன்னும் அரிசிதான்.

போன மழைக் காலத்தில் ஒரு பெண்ணின் பை பாதியாகக் குறைந்தது. அடுத்த மாதம் பையே வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. செயலாளரும் இன்னும் இரண்டு பேரும் ஒரு கிலோ சர்க்கரையோடு சும்மா பார்க்க வந்த மாதிரி அவர் வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. அடுப்பு எரிவது ஒரு வேளைதான்.

சங்கத்தின் தையல் மெஷின் அவர் வீட்டுக்குப் போனது. தலையணை உறை, உள்பாவாடை என்று தைக்க ஆரம்பித்தார்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. பொது மெஷின் ஒரு வீட்டில் போய் உட்காரலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கை தூக்கி ஓட்டெடுப்பு நடந்தது. அந்த இரண்டு கையைத் தவிர மற்ற எல்லாக் கையும் மெஷின் போகட்டும் என்றது. ஆனால் அறுப்பின் பண்டிகைக்குள் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அவர் இப்போது சொந்த மெஷினுக்குச் சீட்டு கட்டுகிறார். கெடு நெருங்குகிறது. இதை நமக்குச் சொன்னதே அந்தப் பெண்தான். கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

எதிர்த்த இருவரில் ஒருவர் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து பாடினார்.

தலைவி யார்?

சங்கத்துக்குத் தலைவி ஆயர் அம்மாதான். வழக்கம் அப்படி, தேர்தல் கிடையாது. தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவானது. 2013-ல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்ப லலிதா அம்மையார் பிஷப்பாகவே வந்து விட்டார். அப்படியானால் நாளைக்கு நம்ம சர்ச்சுக்கு ஒரு பெண் ஆயர் வந்தால் யார் தலைவி என்று பாங்கு கிளார்க் அம்மா கேட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பதில் வரவில்லை.

ஆறு மணிக்கு டீயும் மிக்சரும் வந்தது. அரிசி கொண்டு போகாததால் நமது நிருபர் 50 ரூபாய் கொடுத்தார். பொருளாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக் கொண்டு, ரசீது எழுதி, கிழித்துக் கையில் கொடுத்த பிறகுதான் வெளியே விட்டார்.