லயத்துக் குசினியும் மாறிவரும் விளக்கும்

பூண்டுலோயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே பொழுது அடுக்களையில்தான் முதலில் விடிகின்றது. பெரட்டுக்களத்துக்குச் செல்லுமுன் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்குத் தேநீர் ஆற்றிவைக்கும் பெண்ணுக்குக் கதிரவன் துணை வருவதில்லை, விளக்கே துணை. ஆதலின் குசினி விளக்கை மாற்றுவது சிறு காரியமாகத் தோன்றினும், ஆராய்ந்து செய்யத்தக்கதேயாம்.

இம்மலைகளின் ஆறுகளே நாட்டுக்கு மின்னொளி ஈந்தன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திராவின் நெடுநாட் கனவு 1950இல் லக்சபான நீர்மின் நிலையமாக உருப்பெற்றது. தலவாக்கலையில் அணைகொண்ட மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாற்று வலுவுடன் 2012இல் இயங்கலாயிற்று. தோட்டத் தொழிற்சாலைகள் பலவும் ஓடைநீரால் இயங்கும் சுழலிகளை முன்னரே பெற்றிருந்தன. ஆயினும் அவற்றுக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த லயக் காம்பராக்களில் நெடுங்காலம் எரிந்தது குப்பி விளக்கே. அஃது எளிதிற் கவிழும். திரி தாங்கும் மூடி கழலும். மண்ணெண்ணெய் சிந்தி உடையிலே தீப்பற்றும். தீக்காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த அறுவை வைத்தியர் விஜய கொடகும்புர, 1992இல் குட்டையும் கனமுமுடைய, இருபுறமும் தட்டையான, திருகுமூடி விளக்கொன்றை வகுத்தார். மார்மைட் போத்தலே அவ்வடிவத்துக்கு வழிகாட்டிற்று! அது கவிழ்வது அரிது, கவிழினும் உருளாது.

மின்சாரம் வந்த குசினிகளில் முதலில் இடம்பெற்றது தங்குதன் இழைக் குமிழ். இழை வெப்பத்தாற் பழுத்தே ஒளிர்வதால், அது பெறும் சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்களவே கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகின்றது; ஏனையது வெப்பம். எல். ஈ. டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயியின் இயல்பு வேறு. குறைகடத்தியினுள் இலத்திரன்கள் துளைகளோடு சேரும்போதே ஒளி பிறக்கின்றது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சட் பூச்சொன்று மாற்ற, இரண்டுங் கலந்து வெண்மையாகத் தோன்றும். அந்நீல இருவாயியை ஆக்கித் தந்த அகசாகி, அமனோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். 60 வாற்றுக் குமிழின் ஒளியை ஏறத்தாழ 9 வாற்றிலேயே பெறலாம். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் எரிப்பின், முன்னது மாதத்தில் 9 அலகு கொள்ளும், பின்னது 1.35 அலகே கொள்ளும். படிப்படியாக உயரும் மின்கட்டணத்தில் இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆனால் குமிழை மாற்றிய அளவில் குறை தீர்ந்துவிடாது. கூரையின் நடுவே விளக்குத் தொங்க, பெண் சுவரோரத்து அடுப்பை நோக்கி நின்றால், அவளது நிழலே சட்டியின்மீது விழும். அரிசியிற் கல் பொறுக்குவதும் கைந்நிழலிலேதான். விளக்கை அவளுக்கு முன்புறமாகவோ பக்கவாட்டிலோ பெயர்த்து அமைத்தல் வேண்டும். நீண்ட குழாய் விளக்காயின் நிழல் மென்மையுறும். மேலும், விறகுப்புகை படிந்து கறுத்த சுவர் ஒளியை விழுங்கிவிடும். பெரிய விளக்கு வாங்குமுன் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிப் பார்ப்பதே எமது கருத்தில் முதல் வேலை, செலவும் குறைவு. அடுப்புக்கு நேர்மேலே எல். ஈ. டி.யை அமைத்தலும் ஆகாது. அதன் அடியிலுள்ள மின்னணு உறுப்புகள் வெப்பத்தால் விரைவிற் பழுதுறும்.

பழைய குழாய் விளக்கை மாற்றுவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எல். ஈ. டி. குழாய்களுட் சில, சோக்கை அவ்வாறே விட்டு, ஸ்ராற்றருக்குப் பதிலாக உடன்வரும் துண்டைச் செருகினால் எரியும். வேறு சிலவற்றுக்குச் சோக்கை நீக்கி நேரே இணைத்தல் வேண்டும். வகையறியாது பொருத்துவது ஆபத்தாகும். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. பிரதான ஆளியையும் அணைத்த பின்னரே, மின்வேலை பயின்றவரைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

லயமோ ஒரே கூரையின்கீழ் அமைந்த காம்பராக்களின் வரிசை. ஒரு குசினியின் பழுதுற்ற கம்பியில் எழும் தீப்பொறி கூரைமரம் வழியே அயற்குடிகளையும் பற்றும். ஆகையால் புதுவிளக்கு மாட்டும் நாளிலேயே, புகையேறி வெடித்த பழைய கம்பியையும் மாற்றி, ட்ரிப் ஆளியின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.