பருத்தி நம்முடையது, நூல் யாருடையது?

இயற்கைப் பருத்திச் சட்டை வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூச்சிமருந்து அடிச்ச பருத்தியா?" என்பதுதான். அந்த நூலை நூற்ற பெண் நினைத்த நாளில் ஊருக்குப் போக முடியுமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மானாவாரிப் பருத்தியை உழவர்களிடம் நேரடியாக வாங்கி, நூலாக்கி, நெய்து, தைத்து விற்கும் சிறிய துணி முயற்சி ஒன்றை நடத்துகிறேன். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடுவதுதான் எங்களுக்குப் பெரிய வேலை.

காட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியும். பருத்தி எடுக்க யார் வந்தார்கள், என்ன கூலி என்பதை உழவரே சொல்லிவிடுவார். ஜின்னிங் ஆலையைத் தாண்டியதும் பஞ்சு கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடும். நாட்டின் நூற்பாலைகளில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் விடுதியில் தங்க வைப்பார்கள். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. இடையில் உடம்புக்கு முடியாமல் வெளியேறினால் அந்தப் பணம் போச்சு. அது பரிசுப் பணம் அல்ல, மாதாமாதம் பிடித்து வைத்த அவர்களுடைய கூலி. 2011-இல் வெளிநாட்டு ஆய்வு அமைப்புகள் இதை அறிக்கையாக வெளியிட்ட பிறகு அந்தப் பெயரைப் பல மில்கள் கைவிட்டன. பெயர் போனால் பழக்கமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

விசைத்தறியில் இதே கதை வேறு உருவில் இருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறிக்காரர்கள் முதலாளியிடம் வாங்கும் முன்பணத்துக்குப் 'பாக்கி' என்று பெயர். அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது.

விதையிலும் இது உண்டு. 1970-இல் குஜராத்தில் முதல் கலப்பினப் பருத்தி வந்தது. அத்தகைய விதைக்கு ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையைக் கையால் நீக்கி, வேறு பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இந்த வேலையில் ஆந்திரா, குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு என்று பல இடங்களில் குழந்தைகளை வைத்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளைகள் பூவில் உழைத்தார்கள். கருங்கண்ணி போடும் உழவர் தன் விதையைத் தானே எடுத்து வைக்கிறார். அவர் அறிந்தோ அறியாமலோ அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை அறுத்துவிடுகிறார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் மில் வாசலைத் தாண்டி உள்ளே போக, கேட்க ஒரு ஆள் வேண்டும்.

சின்ன முயற்சிக்குப் பெரிய மில்லில் என்ன மரியாதை? சில டன் பஞ்சுக்காக இயந்திரத்தைத் துடைத்து ஓட்ட மாட்டார்கள். அதனால் எங்களைப் போன்ற சிலர் சேர்ந்து ஒரே மில்லுக்குக் கொடுக்கிறோம். சந்தையில் நூல் வாங்குவதில்லை. பஞ்சை நாங்களே வைத்துக்கொண்டு, கூலிக்கு நூற்றுத் தரச் சொல்கிறோம். நூல் வாங்கினால் மில் பெயர்கூடத் தெரியாது. பஞ்சு நம்முடையது என்றால் உள்ளே போய்ப் பார்க்க உரிமை வருகிறது.

போனால் ஆபீசில் உட்கார்ந்து ரிஜிஸ்டரை மட்டும் புரட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதிப் பிள்ளைகள் கடைக்கு வரும்போது, அவர்களுடைய மொழி பேசும் பெண் ஒருவர் பேசுவார். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறைய. கேட்பது சாதாரணக் கேள்விகள்தான். ஆதார் அட்டை யார் கையில் இருக்கு? சம்பளம் மாசாமாசம் உங்க கணக்குல ஏறுதா? போன் வச்சுக்கலாமா? நாளைக்கே ஊருக்குப் போகணும்னா விடுவாங்களா? இரண்டு ஷிப்ட் ஓட்டச் சொன்னா முடியாதுன்னு சொல்லலாமா?

தவறு தெரிந்தால் உடனே மில்லை மாற்றிவிட்டு ஓடுவதும் சரியல்ல. நாம் போய்விடுவோம், பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். பிடித்த கூலி கொடுக்கப்பட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. மறுத்தால், கொத்தடிமைச் சட்டப்படி பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. குழந்தைகள் இருந்தால் 1098.

எங்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. நாலு நாளில் நூல் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால், அந்த அவசரம் யாரோ ஒரு பெண்ணின் இரவுத் தூக்கத்தில்தான் போய் விடியும். ஆகவே சீசனுக்கு முன்பே ஆர்டரும் பாதிப் பணமும் கொடுத்துவிடுகிறோம். சட்டை விலை அதனால் ஏறத்தான் செய்கிறது. வாங்குபவர்களிடம் காரணத்தைச் சொல்லியே விற்கிறோம். சாயப்பட்டறை வரை இன்னும் முழுசாக எட்டவில்லை, அங்கே வேலை பாக்கியிருக்கிறது.

உழவர்கள் இதில் வெறும் பார்வையாளர்கள் இல்லை. அங்ககச் சான்றிதழ் உங்கள் காட்டில் நஞ்சு இல்லை என்று சொல்லும், நூற்பாலை விடுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. மாசி, பங்குனியில் பருத்தி எடுத்ததும் வியாபாரியிடம் விலையோடு சேர்த்து இன்னொன்றும் கேளுங்கள்: "எந்த மில்லுக்குப் போகுது?" உழவர் குழுவாக விற்கிறவர்கள் மில்லின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்துக் குழுக்கள் கேட்டால் பதில் சொல்லாமல் பஞ்சு வாங்க முடியாது.